ஏலாக்குறிச்சியும் எடோவும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் வரும் ஊர் திருமானூர். இங்கே இருந்துகொண்டு ஒருவர் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினால் பாடநூலுக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் அறக்கட்டளை வெளியிட்ட 'இரொதொரி' பாடநூலை ஒலிப்பதிவுகளோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனம் எளிய ஜப்பானிய மொழியில் எழுதித் தரும் செய்திகளைத் தினமும் செல்போனில் வாசிக்கலாம். கிடைக்காதது ஒன்றுதான்: எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள். "பேச ஆளே இல்லாம பாஷை எப்படிப்பா வரும்?" என்று வீட்டில் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு யோசனை சொல்வதற்கு முன், இதே கேள்வியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சந்தித்த இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று திருமானூர் ஒன்றியத்திலேயே இருக்கும் ஏலாக்குறிச்சி. மற்றது இன்று டோக்கியோ என்று நாம் அழைக்கும் எடோ.

ஏலாக்குறிச்சியின் பழைய இலக்கியப் பெயர் திருக்காவலூர். அங்கே வாழ்ந்து எழுதியவர் வீரமாமுனிவர் என்ற கொன்ஸ்தான்ஸோ ஜுசேப்பே பெஸ்கி. 1680இல் இத்தாலியின் மாந்துவா பகுதியில் பிறந்தவர், 1711இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். மொழி கற்கும் ஒருவர் ஆசைப்படக்கூடிய சூழல் அவருக்கு முழுமையாக வாய்த்தது. காலையில் கண் விழித்தால் தமிழ், இரவு படுக்கும்வரை தமிழ். அதிலும் ஒரு குருவானவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும். தன் மனத்தை அறுக்கும் ஒன்றை ஒரு குடியானவர் தாழ்ந்த குரலில், தன் ஊர் வழக்கில், பாதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு சொல்லும்போது அது புரிந்தாக வேண்டும். திரும்பச் சொல்லச் சொல்வதுகூடத் தயக்கமான இடம் அது. இதைவிடக் கடினமான கேட்டல் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடையாது.

அவருக்கு முன்பே வந்தவர்கள் வெறுங்கையோடு அவரை விட்டுவிடவில்லை. என்ரீக்கே என்ரீக்கஸ் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். 1679இல் அம்பலக்காட்டில் புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சாகியிருந்தது. இருந்தாலும் அவரைச் சூழ்ந்திருந்த பெரிய நூலகம் மனிதர்கள்தான். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்கும் அப்படித்தான் தொடங்கினார். ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் இடத்துக்கு வரவைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தானும் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார்.

இனி எடோ. அங்கே நிலைமை தலைகீழ். ஜப்பான் தன் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த காலம். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் அனுமதி, அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சிறிய செயற்கைத் தீவில் மட்டும். அவர்களோடு பேசுவது பரம்பரை மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களின் உரிமை. டச்சு வணிகத் தலைவர் ஆண்டுக்கொரு முறை, நாட்டை ஆண்ட ஷோகுனை வணங்க எடோவுக்கு வருவார். அந்தச் சில நாட்கள் கழிந்தால் நகரத்தில் டச்சு பேசும் வாயைத் தேடிப் பிடிப்பது அரிது.

அப்படி வந்த ஒரு பயணத்தில்தான் எடோவின் மருத்துவர் சுகிதா கென்பாகு, நிஷி ஜென்ஸாபுரோ என்ற மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்து டச்சு கற்க ஆசை தெரிவித்தார். விட்டுவிடுங்கள் என்பதே பதில். அவர் காட்டிய காரணம் ஆழமானது. ஒரு பாத்திரத்தைத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டி, இதற்கு என்ன சொல் என்று டச்சுக்காரரிடம் கேட்டுவிடலாம். குடிப்பதில் ஒருவருக்கு இருக்கும் விருப்பத்தை எந்தச் சைகையால் காட்டிக் கேட்பது? தினமும் டச்சுக்காரர்களோடு பழகியவர் சொன்ன வார்த்தை இது. பேச்சுத் துணை கையெட்டும் தூரத்தில் இருந்தும், மொழியின் உள்ளறை எளிதில் திறக்கவில்லை என்பது அவர் அனுபவம். கென்பாகு அன்று ஆசையை விட்டுவிட்டார்.

1771ஆம் ஆண்டு அந்த ஆசை வேறு வழியாகத் திரும்பி வந்தது. எடோவின் கொலைக்களத்தில் ஓர் உடலை அறுத்துக் காட்டும்போது பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. உடன் வந்த மயேனோ ரியோதாகுவின் கையிலும் தன் கையிலும் ஒரே டச்சுப் புத்தகம் இருந்ததை அன்றுதான் இருவரும் கண்டார்கள். யோஹான் ஆதாம் குல்முஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய உடற்கூற்றியல் நூலின் டச்சு மொழிபெயர்ப்பு அது. உறுப்புகளைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். படங்கள் சரியாக இருந்தன. தாங்கள் படித்து வந்த பழைய சீன மருத்துவ நூல்களின் படங்கள் பொருந்தவில்லை. நாகாகாவா ஜுன்ஆனும் சேர்ந்து மூவருமாகத் திரும்பி நடந்த வழியில், இந்த நூலை எப்படியாவது ஜப்பானுக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். மறுநாளே ரியோதாகுவின் வீட்டில் கூடினார்கள்.

கூடியவர்களின் மொழியறிவைக் கணக்கிட்டால் மனம் கலங்கும். மூத்தவரான ரியோதாகு சிறிது காலம் நாகசாகி போய்வந்தவர். சில நூறு சொற்கள் அவருக்குத் தெரியும். கென்பாகுவுக்கு எழுத்துகளே சரியாகத் தெரியாது. துணைக்கு நல்ல அகராதி இல்லை, கேட்க ஆள் இல்லை. அவர்கள் செய்ததை கென்பாகு முதுமையில், 1815இல், 'ரங்காகு கொதொஹாஜிமெ' என்ற நினைவு நூலில் எழுதிவைத்தார். தனியாக மொழி படிக்கும் எவருக்கும் அந்த நூலைப்போல் பயன் தருவதை நான் வாசித்ததில்லை.

முதலாவது, அவர்கள் நூலின் முதல் பக்கத்தில் தொடங்கவில்லை. மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்த படத்தில் தொடங்கினார்கள். தலை, மூக்கு, மார்பு, தொடை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று மருத்துவருக்குத் தெரியும். படத்தில் குறியிருக்கும் இடத்துக்கு உரிய சொல் எது என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். அடுத்து, புரியாத சொல் வந்தால் அதன் மேல் வட்டத்துக்குள் சிலுவைபோல் ஒரு குறி இட்டுவிட்டு மேலே போனார்கள். தொடக்கத்தில் பக்கமெங்கும் அந்தக் குறிகளாகவே இருந்தன. புருவம் என்பது கண்ணுக்கு மேலே வளரும் மயிர் என்ற அளவிலான ஒரு வரியைப் பிரிக்க, நீண்ட வசந்தகாலப் பகல் முழுவதும் போதாமல் போனதும் உண்டு. ஆனாலும் மாதத்துக்கு ஆறேழு முறை தவறாமல் கூடினார்கள். கூடிப் பிரிந்த இரவே, அன்று புரிந்ததை கென்பாகு எழுதி முடித்துவிடுவார். ஓராண்டு கழிந்தபோது ஒரு நாளில் பத்து வரி வரைக்கும் தடையில்லாமல் போக முடிந்தது. நான்கு ஆண்டுகள், பதினொரு முறை திருத்தி எழுதிய கைப்படி. 1774இல் அந்த மொழிபெயர்ப்பு 'கைதாய் ஷின்ஷோ' என்ற பெயரில் வெளிவந்தது. ஜப்பானிய மருத்துவத்தின் போக்கை மாற்றிய நூல் அது.

இரண்டு இடங்களையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம். ஏலாக்குறிச்சியில் பேச்சு இருந்தது, கருவி குறைவு. எடோவில் ஒரே ஒரு நூல் இருந்தது, பேச்சு இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாமவர் அதிர்ஷ்டசாலி, இரண்டாமவர் பாவம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீரமாமுனிவரின் பணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பேச்சுத் துணையால் கிடைத்தது எவ்வளவு, தனிமையில் உழைத்துப் பெற்றது எவ்வளவு என்பது பிரிந்து தெரியும்.

அவர் லத்தீனில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதவில்லை, இரண்டு எழுதினார். பேச்சு வழக்குக்கு 1728இல் கொடுந்தமிழ் இலக்கணம். இலக்கிய வழக்குக்கு 1730இல் செந்தமிழ் இலக்கணம். ஒரே மொழிக்கு இரு வாசல்கள் உண்டென்று தெளிவாகக் கண்டவர் அவர். கொடுந்தமிழ் வாசலைத் திறந்தது ஊர்மக்கள். செந்தமிழ் வாசலைத் தெருவில் நிற்கும் எவரும் அவருக்குத் திறந்துவிட்டிருக்க முடியாது. சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. பாடம் கேட்டபின் ஓலையும் விளக்குமாகத் தனியே உட்கார்ந்துதான் ஆகவேண்டும். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியும் அப்படிப் பிறந்தவை. ஆயிரம் பேர் சூழ்ந்திருந்தும் அவர் அந்த வேலையில் எடோ மருத்துவர்களைப் போலத்தான் இருந்தார்.

எழுத்தில் அவர் செய்த மாற்றத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில் ஓலைகளில் இருந்த குழப்பத்தை நீக்கியவராக அவரைச் சொல்கிறோம். தமிழைப் பேசி வளர்ந்தவர் இடம் பார்த்து, குறிலா நெடிலா என்று தானாக வாசித்துவிடுவார். அந்தக் குறை, வெளியிலிருந்து வந்து ஒவ்வோர் எழுத்தாகத் தடுக்கி விழுந்தவரைத்தான் உறுத்தும்.

மறுபக்கம், எடோ முழுத் தனிமையா? அதுவும் இல்லை. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. கென்பாகுவுக்கும் ரியோதாகுவுக்கும் டச்சு தெரிந்த துணை இல்லை. டச்சு தெரியாத துணை இருந்தது. ஒருவர் ஊகித்ததை இன்னொருவர் மறுத்தார். ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவூட்டினார். நாளைக்குக் கூட வேண்டும் என்பதால் இன்று இரவு எழுதி முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அவர்கள் நோக்கம்கூட ஒன்றல்ல: ரியோதாகுவுக்கு மொழியை முழுமையாக அறிய ஆசை, கென்பாகுவுக்கு மருத்துவம் வெளிவந்தால் போதும். அந்த வேறுபாடே வேலையைத் தள்ளிக்கொண்டு போனது. தனித்தனியாக இருந்திருந்தால் ரியோதாகு திருத்திக்கொண்டே இருந்திருப்பார். கென்பாகு எழுத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பேச்சுத் துணை இல்லை என்று வருந்தும்போது நாம் ஏங்குவது அந்த மொழி பேசுபவருக்காக. உண்மையில் பாதி இடத்தை அதே மொழியோடு மல்லுக்கட்டும் இன்னொருவரால் நிரப்ப முடியும்.

மீதிப் பாதி? அதை நிரப்ப முடியாது என்பதையும் எடோவே காட்டுகிறது. 'கைதாய் ஷின்ஷோ'வில் பிழைகள் இருந்தன. மாணவர் தலைமுறையைச் சேர்ந்த ஓத்சுகி கெந்தாகு அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்தத் திருத்தப் பதிப்பு 1826இல்தான் அச்சேறியது. பிழையைப் பார்த்தவுடன் முகம் சுளிக்க ஆளில்லாத இடத்தில், ஒரு பிழையின் ஆயுள் ஐம்பது ஆண்டு நீளலாம். ஏலாக்குறிச்சியில் தப்பாக ஒரு சொல்லைச் சொன்னால், கேட்டவர் புருவம் உயர்ந்துவிடும். அந்த நொடியே பாடம்.

ஒலியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. நூல் வழியாக டச்சு கற்ற மரபில் வந்த ஃபுகுசாவா யுகிச்சி 1859இல், புதிதாகத் திறந்த யோகோஹாமா துறைமுகத்துக்குப் போனார். கடைப் பலகைகளை வாசிக்க முடியவில்லை, பேசினாலும் பலனில்லை. அங்கே ஆங்கிலம்தான் புழங்கியது. மறுநாளே ஆங்கிலம் கற்க முடிவு செய்தவர் முதலில் தேடியது ஆசிரியரை. கிடைக்கவில்லை. அடுத்துத் தேடியது கூட்டாளியை. நண்பர்கள் சிலர் மறுத்தார்கள், ஒருவர் ஒப்புக்கொண்டார். அகராதியை வைத்துப் பொருள் கண்டுபிடிக்கலாம், உச்சரிப்பை எங்கே போய்க் கேட்பது? நாகசாகியிலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு ஆங்கிலம் தெரியுமென்று கேள்விப்பட்டு அவனிடம் கேட்டார்கள். கடலில் திசைமாறிப்போய், வெளிநாட்டுக் கப்பலில் திரும்பி வந்தவர்கள் ஊரில் தங்கினால், தங்குமிடத்துக்கே தேடிப் போய்க் கேட்டார்கள். தரங்கம்பாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்த சீகன்பால்கும், நாகசாகிச் சிறுவனைத் தேடிப்போன ஃபுகுசாவாவும் ஒரே உண்மையை வேறு வேறு வழியில் கண்டார்கள்: எழுத்தைத் தாளிடம் கற்கலாம், ஒலியை வாயிடம்தான் கற்க முடியும்.

இந்த இரண்டு ஊர்களும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதையும் சொல்ல வேண்டும். வீரமாமுனிவர் தமக்குப் பின் வரும் குருமாருக்காகக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். மொழி பழகுவோர் வாசிப்பதற்கென்றே லத்தீன் பெயர்ப்போடு பரமார்த்த குரு கதையை எழுதினார். எடோவில் ஓத்சுகி கெந்தாகு டச்சு கற்போருக்கு 'ரங்காகு கைதெய்' என்ற முதல் படி நூலை 1788இல் வெளியிட்டார்; இனாமுரா சன்பாகு முதலியோர் 1796இல் டச்சு–ஜப்பானிய அகராதியை முடித்தார்கள். கற்றவர் இரு இடத்திலும் கற்பிப்பவர் ஆனார். கற்றதை ஒழுங்குபடுத்தி இன்னொருவர் கையில் கொடுப்பதும் மொழிப் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

இப்போது திருமானூருக்கு வருவோம். இன்றைக்கு இங்கே ஜப்பானிய மொழி படிப்பவர் எடோவுக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடுவே நிற்கிறார். வாய் கிடைக்கிறது, ஆனால் அது பதிவு செய்த வாய். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லும், நாம் சொல்வதைக் கேட்காது. ஃபுகுசாவாவின் பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. புருவம் உயர்த்தும் முகம்தான் இன்னும் இல்லை.

தேர்வு முறை இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் என்5 தொட்டு என்1 வரை ஐந்து படிகள். இந்தியாவில் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும்; சென்னையிலும் எழுதலாம். சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல் ஆகியவையே அதில் உண்டு. பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. விடையைத் தெரிந்தெடுத்துக் குறித்தால் போதும். அரியலூரில் ரயிலேறிச் சென்னை போய், ஒரு வார்த்தைகூட வாய்திறந்து பேசாமல் என்3 வரை ஒருவர் தேறிவிடலாம். வேலைத்தேடலில் இது பெரிய பொறி. 2019இல் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்குப் பெரும்பாலும் என்4 அல்லது அதற்கு இணையான ஜேஎஃப்டி தேர்வு போதுமானது. 2021இல் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர், அதிகாலையில் ஒரு பாட்டி வலியில் முனகிச் சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது வீரமாமுனிவர் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட கேட்டலுக்கு இணையானது. சான்றிதழ் அதை அளப்பதில்லை.

ஆகவே எடோ வழியில் தொடங்கி, ஏலாக்குறிச்சி வழியில் முடிந்த அளவு நகர வேண்டும். இதில் தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருப்பதாக நீண்ட காலம் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போவது கண்கூடு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. துணைவினை பயன்படும் விதம் வியப்பூட்டும். சாப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர்களும் 'பார்' என்ற வினையையே சேர்த்து 'தபெதெ மிரு' என்கிறார்கள். வாங்கி வைப்பதற்கும் 'வை' தான்: 'கத்தெ ஒகு'. ஆங்கிலத்தின் வழியாக எழுதிய பாடநூல்கள் இவற்றை விளக்கப் பக்கம் பக்கமாகப் பாடுபடுகின்றன. திருமானூர்க்காரருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. மனத்துக்குள் தமிழில் ஓடும் பேச்சை வரிசை மாற்றாமல் அப்படியே ஜப்பானியத்துக்கு நகர்த்தலாம். ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிப்பதால்தான் நம் பிள்ளைகள் தேவையில்லாமல் இரண்டு முறை திரும்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். கையிலிருக்கும் பாடநூல் ஆங்கில விளக்கத்தோடு இருந்தாலும், எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குத் தமிழில் தானே பொருள் எழுதிக்கொள்ள வேண்டும். கென்பாகு இரவில் செய்தது அதுதான்.

எச்சரிக்கை வேண்டிய இடம் ஒலி. தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. இடத்துக்கு ஏற்ப நாம் அதை வல்லோசையாகவும் மெல்லிய ஓசையாகவும் சொல்கிறோம். ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு ஒலிகள், பொருளையே மாற்றும். 'ககி' என்று தமிழில் எழுதிவைத்தால் அது சாவியா சிப்பியா என்று தெரியாது. இந்தக் கட்டுரைக்காக நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கற்பவர் ஒருபோதும் அப்படி எழுதக்கூடாது. ஹிரகானா எழுத்துகள் 46, கதகானா எழுத்துகள் 46, இவற்றை முதலிலேயே பழகிவிட வேண்டும். மாத்திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்ற கணக்கு நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. ஆங்கிலேயருக்குக் கிட்டாத பேறு இது. ஆனால் நம் மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுடைய இரட்டித்த மெய்யின் முதல் பாதிக்கும், சொல்லின் இறுதியில் வரும் னகரத்துக்கும் முழு ஒன்று. 'நிப்போன்' அவர்கள் கணக்கில் நான்கு. நாம் அதைச் சுருக்கிவிடுவோம். நாம் இரட்டித்துச் சொல்லும் 'டோக்கியோ'வில் அவர்களுக்கு இரட்டிப்பே இல்லை. இருப்பது இரண்டு நெடில்கள்.

இந்தப் பிழைகளைத் தனியாகப் படிப்பவர் காண, செல்போனிலேயே ஒரு வழி உண்டு. விசைப்பலகையை ஜப்பானிய மொழிக்கு மாற்றி, குரல்வழித் தட்டச்சில் ஒற்றைச் சொற்களைச் சொல்லிப் பார்க்கலாம். நாம் சொன்னது ஒன்று, அது எழுதியது வேறு என்றால், உயர்ந்த புருவம் அதுதான். முழு வாக்கியம் சொன்னால் கருவி இடம் பார்த்து ஊகித்துத் திருத்திவிடும். அதனால் தனிச் சொல்லே நல்ல சோதனை. உரையாடும் செயலிகளைப் பற்றியும் இதே தயக்கம் எனக்கு உண்டு. அவை நாம் எவ்வளவு கோணலாகச் சொன்னாலும் புரிந்துகொண்டு பதில் சொல்கின்றன. கூச்சம் போக அவை உதவும். புரியாமல் விழிக்கும் மனிதர் கற்றுத்தருவதை அவை கற்றுத்தருவதில்லை. சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஓஜாட் என்ற இணைய உச்சரிப்பு அகராதி இருக்கிறது. ஒலியைக் கேட்டு, அதன் நிழலாக அரை நொடி பின்னால் தொடர்ந்து சொல்லும் பயிற்சியையும் அதனோடு சேர்க்கலாம்.

தனியாக எவ்வளவு முயன்றாலும் கற்க முடியாத ஒன்று, பேச்சில் எதிராளிக்கு உரிய பங்கு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் 'இத்தெ கிமாஸ்' என்கிறார்கள். நம் "போயிட்டு வர்றேன்" அப்படியே. வீட்டில் இருப்பவர் "போய் வா" என்று சொல்வதற்கும் அவர்களுக்கு உரிய வாய்ப்பாடு உண்டு. பேச்சுக்கு நடுவே கேட்பவர் விடாமல் இசைவுக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பதை அவர்கள் 'ஐஸுச்சி' என்கிறார்கள். கதை கேட்கும்போது உம் கொட்டி வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. ஆனால் எங்கே, எவ்வளவு அடுத்தடுத்து என்பது எதிரே ஆள் இருந்தால்தான் உடம்பில் ஏறும். மரியாதை மொழியோ நம் பழக்கத்துக்கு நேர் எதிராகவே போகும் இடமுண்டு. நம் அலுவலகத்துக்கு வெளியாள் போன் செய்தால் மேலாளரைப் பற்றி "சார் வெளியே போயிருக்கிறார்" என்போம். அவர்கள் வெளியாளிடம் தம் மேலாளரைத் தாழ்த்தியே சொல்வார்கள். அவரும் 'தம் பக்கத்து ஆள்' என்பதால். இலக்கணமாக இதை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். வாயில் வருவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டாமவர் ஜப்பானியராக இருக்க வேண்டியதில்லை என்பதே எடோ நமக்குத் தரும் துணிவு. திருமானூரில் ஒருவர், கீழப்பழுவூரிலோ அரியலூரிலோ திருமழபாடியிலோ இன்னொருவர். இருவருக்கும் ஒரே பாடநூல். வாரத்தில் இரண்டு நாள் கூடுவது. நேரில் முடியாவிட்டால் போனில். ஒருவர் வாசிக்க, மற்றவர் நூலை மூடிவைத்துக் கேட்டதை ஹிரகானாவில் எழுதுவது. எழுதியதில் இரட்டிப்பு விட்டிருந்தால், தவறு வாசித்தவர் வாயிலா கேட்டவர் காதிலா என்று பதிவை ஓட்டிப் பார்ப்பது. ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்குபவர், பிறகு மாற்றிக்கொள்வது. ஒருவர் மேலாளருக்காகப் போன் எடுக்க, மற்றவர் வெளியாளாகப் பேசுவது. புரியாத இடத்தில் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக் குறி இட்டுவிட்டு மேலே போவது.

தமிழரும் தமிழரும் பேசிப் பழகினால் தமிழ்ப் பிழையே இருவருக்கும் இறுகிவிடாதா என்று கேட்கலாம். இறுகும், பதிவு செய்த ஜப்பானிய வாயை நடுவராக வைக்காவிட்டால். அதனால் குறியிட்ட இடங்களைச் சேர்த்துவைத்து, மாதத்துக்கொரு முறையாவது மொழி நன்கு அறிந்தவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். சென்னையில் நீண்ட காலமாக ஜப்பானிய வகுப்புகள் நடத்திவரும் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற நிலையங்கள் உண்டு. ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் மாவட்டங்களிலும் கிடைப்பார்கள். ஃபுகுசாவா கப்பலில் திரும்பியவர்களைத் தேடிப் போனதைப்போல் அவர்களைத் தேடிப் போகலாம். அப்படி ஒருவரிடம் போகும்போது "எனக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. இந்த இருபது இடம் எங்களுக்குப் புரியவில்லை, இந்தப் பத்துச் சொல்லை நாங்கள் சொல்லும் விதம் சரியா என்று பதிவோடு போனால், ஒரு மணி நேரத்தில் ஒரு மாதத்துக்கான திருத்தம் கிடைத்துவிடும்.